லினக்ஸ் கணினியில் இணையம் நின்றால்: அமைப்புச் சாளரமா, டெர்மினலா, தொலைபேசிக் கேபிளா?

ஹற்றனிலோ பண்டாரவளையிலோ வீட்டுக் கணினியில் இணையம் நின்றுவிட்டால், திருத்துபவர் தோட்டம்வரை ஏறி வருவதற்குள் பழுது கணினியிலா வெளியிலா என்பதை நாமே பிரித்தறிய முடியும். லினக்ஸில் அதற்கு மூன்று வழிகள் உள்ளன. அவற்றை நான் சமமாக மதிப்பதில்லை.

பலரும் முதலில் நாடுவது திரை மூலையிலுள்ள வலையமைப்புக் குறியை. இணைப்பை அணைத்து மீண்டும் இயக்கினால் ரவுட்டரிடம் ஐபி முகவரி (வலையமைப்பில் கணினியை அடையாளங்காட்டும் எண்) புதிதாகக் கேட்கப்படும். சிறு தடங்கல்கள் இதிலேயே தீரும். தீராவிட்டால், காரணத்தை அச்சாளரம் பெரும்பாலும் சொல்வதில்லை.

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் சொல்லும். கேபிள்வழி இணைப்பில் ‘ஐபி லிங்க்’ (ip link) கட்டளைக்கு ‘நோ-கேரியர்’ (NO-CARRIER) என்று விடை வந்தால், கேபிளையோ அது செருகப்பட்ட போர்ட்டையோ பார்க்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் மிகும் நம் மலைகளில், மின்னலால் போர்ட் பழுதாகக்கூடும் என்பதால், இந்தச் சந்தேகமே முதலில் எழ வேண்டும். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி வழங்கவில்லை என்று பொருள். 1.1.1.1 என்ற இணைய முகவரிக்கு ‘பிங்’ (தொடர்பு உள்ளதா எனச் சோதிக்கும் கட்டளை) பதில் தந்தும் தளப்பெயர்கள் திறக்காவிட்டால், கோளாறு தளப்பெயரை எண் முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸில் இருக்கிறது.

இருந்தும் நான் முதலிடம் தருவது தொலைபேசிக்குத்தான். ரவுட்டரின் வைஃபையில் தொலைபேசி தடையின்றி இயங்கினால் வெளி இணைப்பு நலமாக உள்ளது. அதே ஆன்ட்ராய்டு தொலைபேசியை யூஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, அதன் இணையத்தைக் கணினியுடன் பகிரும் ‘டெதரிங்’கை இயக்குங்கள், தேவையான டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) வழமையான லினக்ஸ் பதிப்புகளில் ஏற்கெனவே இருப்பதால் எதையும் நிறுவ வேண்டியதில்லை. இப்போது கணினியிலும் இணையம் வந்தால் பழுது அதன் வைஃபை அட்டையிலோ, டிரைவரிலோ, கேபிளிலோ இருக்கக்கூடும். அப்போதும் வராவிட்டால் டிஎன்எஸ், புரொக்சி, ஃபயர்வால் ஆகிய அமைப்புகளை டெர்மினலில் ஆராய வேண்டும். ரவுட்டரே செயலிழந்திருந்தால், தொலைபேசியின் மொபைல் டேட்டாவைக் கொண்டு பிள்ளையின் இணையவழி வகுப்பையாவது காப்பாற்றலாம். பள்ளத்தாக்குத் தோட்டங்களில் சிக்னல் மெலியும், டேட்டாவும் விரைவாகக் கரையும் என்பதால் அதை நிரந்தர ஏற்பாடாகக் கொள்ள இயலாது.

லினக்ஸின் மையப்பகுதியான கேர்னலைப் புதுப்பித்த பின் வைஃபை அட்டையே காணாமற்போய், அதன் டிரைவரைப் பதிவிறக்கவும் இணையம் வேண்டியிருக்கும் இக்கட்டில், தொலைபேசிக் கேபிளின் அருமை முழுமையாகத் தெரியும். கேபிள் கைவசம் இல்லாதவர்கள், கணினி தொடங்கும்போது கிரப் பட்டியலிலிருந்து முந்தைய கேர்னலைத் தெரிவுசெய்து பார்க்கலாம்.