பட்டுக்கடை இணையதளத்துக்கு எது பொருந்தும்: படிவமா, லைவ் சாட்டா, சாட்பாட்டா, வாட்ஸ்அப்பா?

காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ பட்டுச்சேலை விற்கும் நடுத்தரக் கடை ஒன்று சொந்தமாக இணையதளம் தொடங்கும்போது, வாடிக்கையாளர் எந்த வழியில் கடையோடு பேசுவார் என்ற முடிவைப் பெரும்பாலும் தளத்தை வடிவமைப்பவரிடமே விட்டுவிடுகிறது. அவரும் தமக்குப் பழகிய ஒன்றைப் பொருத்திக் கொடுத்துவிடுகிறார். விலை உயர்ந்த பட்டைக் கேள்வி கேட்காமல் வாங்குபவர் மிகக் குறைவு என்பதால், இந்த முடிவைக் கடைக்காரரே யோசித்து எடுக்க வேண்டும். சேலை கோர்வையில் (உடலையும் கரையையும் தனித்தனி இழைகளால் நெய்து இணைக்கும் முறையில்) நெய்ததா, ஜரிகையில் வெள்ளி உண்டா, தூய பட்டுக்கு அடையாளமான சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா, படத்தில் அரக்காகத் தெரியும் நிறம் பகல் வெளிச்சத்திலும் அரக்காகவே இருக்குமா என்று வாங்குபவர் கேட்பார். இந்தக் கேள்விகளுக்கு எந்தக் கருவி எவ்வளவு தூரம் ஈடுகொடுக்கிறது என்பதே இங்கே அளவுகோல்.

விசாரணைப் படிவம் இவற்றில் பழையது, செலவே இல்லாதது. பெயர், மின்னஞ்சல், கேள்வி என மூன்று கட்டங்கள் போதும். ஆனால் ஒரு கேள்விக்கு விடை வந்த பிறகே அடுத்த கேள்வி பிறக்கும் வணிகத்தில், ஒவ்வொரு சுற்றுக்கும் அரை நாள் காத்திருக்க வைக்கும் கருவியை நம்பி விற்பனை நடப்பது கடினம்.

தளத்திலேயே ஒரு பெட்டியில் கடைக்காரரோடு உடனுக்குடன் எழுதிப் பேச வைக்கும் லைவ் சாட் இந்தக் குறையை நீக்குகிறது. இதற்கான பெயர்பெற்ற மென்பொருள்களில் இரண்டு சென்னையில் பிறந்த நிறுவனங்களுடையவை: ஜோஹோவின் சேல்ஸ்ஐக்யூ, ஃப்ரெஷ்வொர்க்ஸின் ஃப்ரெஷ்சாட். வந்திருப்பவர் எந்தச் சேலையின் பக்கத்தில் நிற்கிறார், அங்கே எவ்வளவு நேரமாக இருக்கிறார் என்பதைக் கடைக்காரர் தம் திரையில் பார்த்துக்கொண்டே பதில் சொல்ல முடிவது இதன் பெரிய பலம். கடைக்கு நேரில் வருபவரின் கை எந்தச் சேலையின் மேல் நிற்கிறது என்று பார்த்துப் பழகிய விற்பனையாளருக்கு இது மிகவும் உதவும். சிக்கல் ஆளைப் பற்றியது. கனடாவின் டொராண்டோவில் கோடைக்காலத்தில் இரவு 8 மணி என்றால் காஞ்சிபுரத்தில் மறுநாள் அதிகாலை 5.30. வேலை முடிந்து வீடு திரும்பி, திருமணத்துக்குச் சேலை பார்க்க அங்குள்ள வாடிக்கையாளர்கள் அமரும் நேரத்தில் இங்கே கடை பூட்டியிருக்கும். யாரும் இல்லாத வேளையிலும் ‘எப்படி உதவலாம்?’ என்று கேட்டுக்கொண்டிருக்கும் சாட் பெட்டி, பெட்டியே இல்லாத தளத்தைவிடக் கெட்ட பெயரை வாங்கித் தரும். ஆகவே, முகூர்த்த மாதங்களில் மட்டும், ஆள் அமரும் நேரத்தைத் தெளிவாக எழுதிவைத்து இதைத் திறப்பது நியாயமானது.

ஆள் இல்லாத நேரத்துக்கு, தானாகவே பதில் எழுதும் மென்பொருளான சாட்பாட் இருக்கிறதே என்று விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வார்கள். பார்சல் எங்கே இருக்கிறது, எத்தனை நாளில் திருப்பித் தரலாம் என்பன போன்ற, விடை ஏற்கெனவே உறுதியாகிவிட்ட கேள்விகளுக்கு அது நன்றாகவே பயன்படும். ஜரிகையின் தரத்தையும் நிறத்தையும் பற்றி அது தானாகப் பேசத் தொடங்கினால் ஆபத்து. ஏர் கனடாவின் சாட்பாட், உறவினரின் மறைவுக்காகப் பயணம் செய்தவருக்குக் கட்டணச் சலுகை குறித்துத் தவறான தகவல் தந்த வழக்கில், சாட்பாட் சொன்னதற்கும் நிறுவனமே பொறுப்பு என்று பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் முடிவு கூறியது. அந்த முடிவு இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும், வெள்ளி கலக்காத ஜரிகையை வெள்ளி ஜரிகை என்று பாட் சொல்லிவிட்டால், வாங்கியவர் கடையின் சட்டையைத்தான் பிடிப்பார். மென்பொருள் நிறுவனத்தைத் தேடிப் போகமாட்டார். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து கேட்பவர்களிடம், குறிச்சொற்களை மட்டும் நம்பி இயங்கும் எளிய பாட்கள் தடுமாறுவதும் உண்டு.

வாட்ஸ்அப் பட்டன் மற்ற மூன்றையும்விடப் பட்டுக்கடையின் இயல்போடு ஒத்துப்போகிறது என்பதே என் உறுதியான கருத்து. வாடிக்கையாளர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. முந்தியை ஜன்னல் ஓரம் விரித்துப் படம் எடுத்து அனுப்பலாம், குரல் பதிவில் விளக்கலாம், வீடியோ அழைப்பில் பத்துச் சேலைகளை அடுத்தடுத்துக் காட்டலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உரையாடல் இரு பக்கமும் தங்கிவிடுகிறது: அதிகாலையில் வந்த கேள்விக்குக் கடை திறந்ததும் பதில் போகும், வீட்டுப் பெரியவர்களிடம் காட்டிவிட்டு வாடிக்கையாளர் மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் பொருள் பட்டியல், விரைவுப் பதில்கள், உரையாடல்களை வகை பிரிக்கும் லேபிள்கள் எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதலாவது, உரையாடல்கள் ஒரு தொலைபேசி எண்ணையே சார்ந்திருப்பது. அந்த எண் ஓர் ஊழியரின் சொந்த எண்ணாக இருந்தால், அவர் வேலையை விடும் நாளில் வாடிக்கையாளர்களும் அவரோடு போய்விடுவார்கள். எனவே கடையின் பெயரில் தனி எண் வாங்குவது கட்டாயம். வணிகம் பெருகி, ஒரே எண்ணிலிருந்து பலர் பதிலளிக்க உதவும் வாட்ஸ்அப்பின் நிறுவனச் சேவைக்கு (வாட்ஸ்அப் பிசினஸ் பிளாட்ஃபார்ம்) மாறினால் வேறொரு விதி குறுக்கிடும்: வாடிக்கையாளரின் கடைசிச் செய்தியிலிருந்து 24 மணி நேரம் வரைதான் விரும்பியபடி எழுதலாம், அதன் பிறகு முன்கூட்டியே எழுதி வாட்ஸ்அப்பின் அனுமதி பெற்ற வார்ப்புருச் செய்திகளை மட்டுமே அனுப்ப முடியும். விடுமுறை நாள்களில் தாமதிக்கும் கடைகளை இது நேரடியாகப் பாதிக்கும்.

புகார்களுக்கு மட்டும் நான் படிவத்தின் பக்கமே நிற்கிறேன். மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, குறைதீர்க்கும் அலுவலர் ஒருவரை நியமித்து அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் காட்ட வேண்டும். புகார் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். சேலைப் படங்களுக்கும் பண்டிகை வாழ்த்துகளுக்கும் நடுவே ஒரு புகார் புதைந்துபோனால் இந்தக் கெடுவைக் காப்பது இயலாது. தேதியும் வரிசை எண்ணும் தானாகப் பதியும் படிவத்தில் வந்த புகார் தொலையாது.

ஆகவே புதிதாகத் தொடங்கும் கடை வாட்ஸ்அப் பட்டனையும் புகார்ப் படிவத்தையும் வைத்துத் தொடங்கலாம்; மற்ற இரண்டும் ஆள்பலம் கூடிய பிறகு வரட்டும். பட்டனைத் தளத்தின் மூலையில் பொதுவாக ஒன்று வைப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு சேலையின் பக்கத்திலும் தனித்தனியாக வைத்து, தட்டியதும் அந்தச் சேலையின் எண் செய்தியில் தானே எழுதப்பட்டிருக்கும்படி இணைப்பை அமைக்கச் சொல்லுங்கள். வடிவமைப்பவருக்கு இது சிறிய வேலை. ‘எந்தச் சேலை, அம்மா?’ என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுத் தொடங்கும் வேலை கடைக்கு மிச்சமாகும்.