நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன்: கேட்ரிட்ஜ் வாங்குகிறவன் எழுதும் விமர்சனம்

நியூ ஜெர்சியில் இருக்கிறேன். சூப்பர் நிண்டெண்டோ, என்64, கேம்பாய் போன்ற பழைய நிண்டெண்டோ கன்சோல்களின் கேட்ரிட்ஜ்களை (ஆட்டம் பதிந்த பிளாஸ்டிக் பேழைகளை) பழைய கேம் கடைகளில் தேடி வாங்குவது எனக்கு நீண்ட காலப் பழக்கம். பழைய ஆட்டங்களை ஸ்விட்ச் கன்சோலில் விளையாட நிண்டெண்டோ தரும் சந்தாதான் ஸ்விட்ச் ஆன்லைன்; அதன் கூடுதல் விலைச் சந்தாவான 'எக்ஸ்பான்ஷன் பேக்'கும் அது வந்த 2021 அக்டோபர் முதல் வீட்டில் இருக்கிறது. இரண்டு கேள்விகள் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. "அதான் எல்லாம் டவுன்லோடில் வந்துவிட்டதே, இன்னும் எதுக்கு கேட்ரிட்ஜ்?" என்பது ஒன்று. கேட்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் கேட்பது இன்னொன்று: "இதனால நம்ம சரக்கு விலை விழுந்துடுமா?" இந்த விமர்சனம் இரண்டு தரப்புக்கும்தான்.

முதலில் காசு விவரம். அடிப்படைச் சந்தா ஆண்டுக்கு 19.99 டாலர். அதில் நிண்டெண்டோவின் முதல் கன்சோலான என்இஎஸ், சூப்பர் நிண்டெண்டோ, கேம்பாய் ஆட்டங்கள் வரும். எக்ஸ்பான்ஷன் பேக்கோடு 49.99. அப்போது என்64, சேகா ஜெனிசிஸ், கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்களும் சேரும். ஸ்விட்ச் 2 வைத்திருந்தால் 2025 ஜூன் முதல் கேம்க்யூப் ஆட்டங்களும் உண்டு. எக்ஸ்பான்ஷன் பேக்கோடு குடும்பச் சந்தா 79.99, எட்டு பேர் வரை சேரலாம். நாலு பேர் சேர்ந்தாலே தலைக்கு 20 டாலர்தான் ஆகிறது. அந்தக் காசுக்குப் பழைய கேம் கடையில் சுமாரான ஒரு கேட்ரிட்ஜ் கிடைக்கும், அவ்வளவுதான்.

விளையாட எப்படி இருக்கிறது? நன்றாகவே இருக்கிறது. சூப்பர் மெட்ராய்டில் ஒரு தாவல் தவறினால் இசட்எல், இசட்ஆர் பட்டன்கள் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் ஆட்டம் பின்னால் ஓடும். விட்ட இடத்திலிருந்து மறுபடி தாவலாம். எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி, அப்படியே சேவ் செய்துகொள்ளலாம். வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் விளையாடுகிற ஆளுக்கு இது பெரிய உதவி. என்64 ஆட்டங்கள்தான் ஆரம்பத்தில் சொதப்பின. செல்டா ஆட்டமான ஒக்கரினா ஆஃப் டைமில், தண்ணீர்க் கோயிலில் நாயகன் தன் நிழலான டார்க் லிங்கோடு மோதும் அறையில் மூடுபனியே இல்லை. அந்த அறையின் பயமெல்லாம் அந்தப் பனியில்தானே இருக்கிறது! 2022 தொடக்கத்தில் வந்த அப்டேட்டில் சரிசெய்தார்கள். இப்போது குறை சொல்ல அதிகம் இல்லை.

சரி, விலை விஷயத்துக்கு வருவோம்.

எல்லோரும் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: ஒரு ஆட்டம் டவுன்லோடில் மலிவாக வந்தால் அதன் பழைய கேட்ரிட்ஜின் விலை விழ வேண்டும். எர்த்பவுண்டை எடுத்துக்கொள்ளுங்கள். சூப்பர் நிண்டெண்டோவுக்கு 1995இல் அமெரிக்காவில் வந்தது, சரியாக விற்கவில்லை, ஐரோப்பாவுக்குப் போகவே இல்லை. விளையாட விரும்பியவர்கள் பல ஆண்டுகள் பழைய கேட்ரிட்ஜையே நம்பியிருந்தார்கள். 2013 ஜூலையில் வீ யூ கன்சோலில் 9.99 டாலருக்கு டவுன்லோடாக வந்தது. "இனிமே கேட்ரிட்ஜை யார் வாங்குவான்?" என்று அப்போது பேசாத ஆள் இல்லை. 2022 பிப்ரவரியில் ஸ்விட்ச் ஆன்லைனிலும் வந்தது. அடிப்படைச் சந்தா இருந்தாலே போதும். இத்தனைக்குப் பிறகும், பெட்டி இல்லாத வெறும் கேட்ரிட்ஜை இங்கே சமீபத்தில் 200 டாலருக்குக் கீழே நான் பார்க்கவில்லை. அந்தப் பெரிய பெட்டி, அதோடு வந்த வழிகாட்டிப் புத்தகம் எல்லாம் சேர்ந்திருந்தால் ஆயிரத்தைத் தாண்டும். டவுன்லோடு வருவதற்கு முன்பு இருந்ததைவிட இன்று விலை அதிகம்.

நான் வழக்கமாகப் போகும் கடையின் உரிமையாளர் இதைச் சுருக்கமாகச் சொன்னார்: விளையாட மட்டும் ஆசைப்படுகிறவர்கள் கண்ணாடி அலமாரிப் பக்கம் வருவதே இல்லை, அங்கே நிற்பவர்கள் பெரும்பாலும் அந்த ஆட்டத்தை ஏற்கெனவே முடித்தவர்கள். நான் பார்த்ததும் அதுதான். ஸ்விட்சில் முதன்முறை எர்த்பவுண்டை விளையாடி முடித்த பையன் ஒருவன், அதன் கேட்ரிட்ஜைக் கையில் வாங்கிப் பார்ப்பதற்காகவே அங்கே வந்து நின்றான். சந்தாவால் அந்த ஆட்டத்தைத் தெரிந்துகொண்டவர்கள் பெருகிவிட்டார்கள். 1995இல் அச்சான கேட்ரிட்ஜ்கள் பெருகவில்லை. பிறகு விலை எப்படி இறங்கும்?

அச்சான எண்ணிக்கைதான் விலையை முடிவு செய்கிறது என்பதற்கு ஜப்பானைப் பாருங்கள். இதே ஆட்டம் அங்கே 'மதர் 2' என்ற பெயரில் 1994இல் வந்து நன்றாக விற்றது. அந்த வெறும் கேட்ரிட்ஜ் இன்றும் அமெரிக்க விலையில் பத்தில் ஒரு பங்குக்குள் கிடைக்கிறது. டவுன்லோடு இரண்டு நாட்டிலும் இருக்கிறது, விலை மட்டும் அவரவர் ஊர்க் கையிருப்புப்படி.

சோனி பக்கமும் இதே கதை. சூய்கோடன் 2 டிஸ்க் 1999இல் இங்கே வந்தது. 2014 டிசம்பரில் பிளேஸ்டேஷன் ஸ்டோரில் 9.99 டாலருக்கு இறங்கியது. 2025 மார்ச்சில் புதுப்பித்த பதிப்பே வந்துவிட்டது. அந்த டிஸ்க் இன்றும் 100 டாலருக்கு மேல். டவுன்லோடே வராத ஆட்டங்களின் நிலைமை இதைவிடக் கடுமை. 1998இல் சேகா சாட்டர்னுக்கு நாலு டிஸ்க்கில் வந்த பான்சர் டிராகன் சாகாவை அதற்குப் பிறகு யாரும் மறுபடி வெளியிடவே இல்லை. அதை நேர்வழியில் விளையாட ஒரே வழி பல நூறு டாலர் கொடுத்துப் பழைய டிஸ்க் வாங்குவது. போக்கிமான் ஹார்ட்கோல்டும் அப்படித்தான். 2010இல் அமெரிக்காவுக்கு வந்த நிண்டெண்டோ டிஎஸ் ஆட்டம், எந்த டவுன்லோடு கடையிலும் இல்லை. அதன் விலைச்சீட்டைப் பார்த்தால் என் மகள் முகம் சுருங்கிப் போகும்.

பழைய ஆட்டங்களைப் பாதுகாக்கும் அமைப்பான வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் விற்பனைக்கே இல்லை என்று அதில் சொல்கிறார்கள். அவற்றை விளையாட வேண்டுமென்றால் கையில் இருப்பவர்களிடம்தான் வாங்க வேண்டும். ஆக, ஸ்விட்ச் ஆன்லைன் பழைய கேம் சந்தையை அழித்துவிடும் என்ற பயத்துக்கு அர்த்தமே இல்லை. அது தொடுகிற பகுதியே சிறியது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. டவுன்லோடு ஆட்டத்தை யாரிடமும் கைமாற்ற முடியாது. கேட்ரிட்ஜை விற்கலாம், கொடுக்கலாம், இரவல் தரலாம். அமெரிக்கச் சட்டம் அந்த உரிமையை வாங்கியவருக்குத் தருகிறது. ஜப்பானிலும் பழைய ஆட்டங்களை விற்பது தவறல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பு சொன்னது. டிஜிட்டலுக்கு அது பொருந்தவில்லை. ரீடிஜி என்ற நிறுவனம் பழைய பாட்டுக் கோப்புகளை விற்க முயன்ற வழக்கில், கோப்பை மாற்றினாலே புதுப் பிரதி உருவாகிறது, ஆகவே அந்த உரிமை இதற்கு இல்லை என்று நியூயார்க்கில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் முடித்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டம் இருக்கிறது: திரும்பப் பறிக்கக்கூடிய லைசென்ஸை விற்றுவிட்டு 'வாங்கு' என்று பட்டன் வைப்பதானால், அது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நல்ல சட்டம். எல்லா மாநிலத்திலும் வர வேண்டும்.

வீ கன்சோலில் பழைய ஆட்டங்களை டவுன்லோடாக விற்ற 'வெர்ச்சுவல் கன்சோல்' 2006இல் வந்தபோது ஆட்டங்களைத் தனித்தனியாக வாங்கினோம். என்இஎஸ் ஆட்டம் 5 டாலர், சூப்பர் நிண்டெண்டோ 8, என்64 10. வீ கடையை 2019 ஜனவரியில் மூடினார்கள். 3டிஎஸ், வீ யூ கடைகளை 2023 மார்ச் 27 அன்று மூடினார்கள். அங்கே வாங்கியது எதுவும் ஸ்விட்சுக்கு வரவில்லை. 3டிஎஸ்ஸில் போக்கிமான் கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றும் டவுன்லோடாக விற்றன. கடை மூடிய பிறகு புதிதாக வாங்க வழியில்லை, ஸ்விட்ச் ஆன்லைனிலும் இல்லை. வாங்க வேண்டியவர்கள் மறுபடி கேம்பாய் கேட்ரிட்ஜைத் தேடித்தான் கடைக்கு வருகிறார்கள். டவுன்லோடு பழைய சந்தையை உண்மையிலேயே அசைப்பது இப்படி மூடப்படும்போதுதான் என்பது என் கணிப்பு. சந்தாவில் இன்னும் ஒரு படி மேலே: ஜப்பானியப் பட்டியலிலிருந்து ஒரு சூப்பர் ஃபேமிகாம் (சூப்பர் நிண்டெண்டோவின் ஜப்பானியப் பெயர்) கால்பந்து ஆட்டத்தை 2025 மார்ச்சில் எடுத்தே விட்டார்கள். ஐம்பது டாலர் கட்டினாலும் எது இருக்கும், எது போகும் என்பது நம் கையில் இல்லை.

அதற்காகக் கேட்ரிட்ஜ் வாங்குவது பிரச்சினையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். விலை ஏற ஏறப் போலியும் ஏறுகிறது. கேம்பாய் அட்வான்ஸ் கேட்ரிட்ஜ் வாங்கும்போது முன்பக்க லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். அசலில் இரண்டு இலக்க எண் ஒன்று லேசாக அழுத்திப் பதிந்திருக்கும். அடிப்பக்கத் துளையில் பார்த்தால் தங்க நிறப் பட்டைகளுக்கு மேலே போர்டில் நிண்டெண்டோ என்ற எழுத்து தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போக்கிமான் எமரால்டில் போலி மிக அதிகம். சூப்பர் நிண்டெண்டோ கேட்ரிட்ஜ் என்றால் அதன் தனிவகைத் திருகுக்கான 3.8 மி.மீ. கேம்பிட் திருப்புளி கொண்டு கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்; நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். சேவ் வசதி உள்ள ஆட்டம் என்றால் உள்ளே பெரும்பாலும் சிஆர்2032 பேட்டரி ஒன்று போர்டோடு பற்றவைத்திருக்கும். சேவ் எல்லாம் அதன் தயவில்தான். தொண்ணூறுகளில் வைத்த பேட்டரியே இன்னும் இருந்தால், விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைக்கலாம். மாற்றும்போது பழைய சேவ் அழிந்துவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

என் தீர்ப்பு இது. விளையாடத்தான் ஆசை என்றால் ஸ்விட்ச் ஆன்லைன் எடுங்கள், முடிந்தால் குடும்பச் சந்தாவாக. அமெரிக்காவில் இந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல பேரம் இல்லை. அடிப்படைச் சந்தாவை ஒரு மாதம் எடுத்துப் பார்த்துவிட்டு, எந்த ஆட்டம் உண்மையிலேயே பிடிக்கிறது என்று தெரிந்தபின் அதன் கேட்ரிட்ஜுக்குக் காசு சேர்ப்பதும் நல்ல வழி. நான் இப்போது அப்படித்தான் வாங்குகிறேன். சந்தாவில் வராத ஆட்டம் என்றால் காத்திருக்காமல் நல்ல நிலையில் கிடைக்கும்போதே வாங்கிவிடுங்கள். கேம்க்யூபுக்கு 2005இல் வந்த ஃபயர் எம்ப்ளம்: பாத் ஆஃப் ரேடியன்ஸ் ஸ்விட்ச் 2க்கு வரும் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தவுடன், டிஸ்க் விலை சரியும் என்று பலர் காத்திருக்கத் தொடங்கினார்கள். எர்த்பவுண்டுக்கு ஆனதைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரிதாகச் சரியாது. விளையாடத்தான் வேண்டும் என்றால் ஸ்விட்ச் 2இல் விளையாடுங்கள். டிஸ்க்தான் வேண்டும் என்றால் விலை இறங்குமென்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.