பழைய குட்டி விமானங்களுக்கு ரடர் பெடல்: ஓட்டிப் பார்த்த அனுபவம்

வீட்டுக் கணினியில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஓட்டுபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போயிங், ஏர்பஸ் மட்டும்தான் ஓட்டுவீர்கள் என்றால் ரடர் பெடலில் (வாலில் இருக்கும் ரடர் என்ற பலகையைக் காலால் அசைத்து, மூக்கை இடது வலதாகத் திருப்பும் மிதி) காசு போட வேண்டாம், திருகும் ஜாய்ஸ்டிக்கே போதும். பைப்பர் கப் மாதிரி வாலில் சக்கரம் வைத்த அந்தக் காலத்துச் சின்ன விமானங்கள்தான் பிடிக்கும் என்றால் கதையே வேறு.

நான் ரொம்ப நாள் 'ஆட்டோ ரடர்' போட்டுத்தான் ஓட்டினேன். ஸ்டிக்கைச் சாய்த்தால் வாலில் இருக்கும் ரடரை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். இந்த யோசனை நிஜ விமானத்திலேயே வந்ததுதான். 1940-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எர்கூப் என்ற சின்ன விமானத்தைப் பொறியாளர் ஃப்ரெட் வெய்க் பெடலே இல்லாமல் வடிவமைத்தார். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இறக்கை ஓரத்தில் ஏறி இறங்கி விமானத்தைச் சாய்க்கும் ஏலரானும் வாலின் இரண்டு ரடரும் சேர்ந்து அசையும், தரையில் முன்சக்கரமும் கூடவே திரும்பும். கார் ஓட்டத் தெரிந்தவர் இதையும் ஓட்டிவிடலாம் என்பது கணக்கு. போர் முடிந்த கையோடு மேசிஸ் என்ற பெரிய கடையில் வைத்தே விற்றார்கள். ஆனால் பக்கவாட்டில் காற்று அடித்தால் மூக்கைக் காலால் நேராக்க வழி கிடையாது. கோணலாகவே இறங்க வேண்டும், சக்கரம் தரையைத் தொட்டதும் வண்டி தானாக நேராகிக்கொள்ளும். பிற்பாடு இதற்கும் பெடல் கிட் வந்தது, மாட்டிக்கொண்டவர்களும் உண்டு.

அவர்கள் ஏன் மாட்டினார்கள் என்பது வீட்டுக்குப் பெடல் வந்த பிறகு சிமுலேட்டரில் பைப்பர் கப்பில் உட்கார்ந்தால் உடனே தெரிந்துவிடும். எக்ஸ்-பிளேன் 12 என்ற சிமுலேட்டரில் கூடவே வரும் சூப்பர் கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை முழுக்கத் தள்ளியதும் மூக்கு இடது பக்கம் இழுக்கும். வால் தரையை விட்டு எழும் அந்த நொடியில் இன்னொரு முறை, முன்னைவிடச் சுருக்கென்று இழுக்கும். சுற்றும் ப்ரொப்பெல்லர் சாயும்போது வரும் இழுப்பு அது. வலது காலை அழுத்திக்கொண்டே போய், வால் எழும்போது கொஞ்சம் கூட்டி, உடனே குறைக்க வேண்டும். திருகும் ஸ்டிக்கில் இதைச் செய்தால் மணிக்கட்டு திரும்பும்போதே இறக்கையும் சாய்ந்துவிடும். கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை என்று பிரிந்ததுதான் பெரிய லாபம். அப்புறம் திருப்பங்கள். ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்தால் இடது ஏலரான் கீழிறங்கிக் காற்றில் இழுபட, மூக்கு ஒரு கணம் இடது பக்கம் போகும். பானலில் வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குண்டு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தக் காலை அழுத்தினால் சரியாகிவிடும். வேலூர் பக்கத்து அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் கிளம்பி, பாலாற்றைப் பிடித்துக்கொண்டு பள்ளிகொண்டா, ஆம்பூர் வரை போய்த் திரும்புவதற்குள் இது காலுக்குப் பழகிவிடும்.

தொல்லை என்றால் அது தரையில் ஆரம்பிக்கும். எங்கள் சத்துவாச்சாரி வீட்டில் வழவழ டைல்ஸ். பெடலை அழுத்தினால் பெடல் முன்னால் போகும், சக்கரம் வைத்த கணினி நாற்காலி பின்னால் போகும், விமானம் மட்டும் அப்படியே நிற்கும். கடைசியில் ஒரு நீளப் பிளைவுட் பலகையில் பெடலை ஸ்க்ரூ போட்டு, நாற்காலியின் முன்கால்கள் உட்கார இரண்டு குழி வெட்டச் சொன்னேன். "இன்னாண்ணா இது, தையல் மெஷினா?" என்று கேட்டுக்கொண்டே தோட்டப்பாளையத்து ஆசாரி செய்து கொடுத்தார். அடியில் ஒட்ட, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் சித்தப்பா மகன் ரப்பர் சோல் ஷீட் கொண்டுவந்தான். ஒட்டிய நாளிலிருந்து பலகை ஓர் அங்குலம் நகரவில்லை. இதற்கென்று விற்கும் ஸ்டாண்டுகளின் விலையைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

வெறுங்காலோடு ஓட்டுவதே நல்லது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பது பாதத்துக்குத் தெரியும். ஏப்ரல், மே வேலூர் வெயிலில் கால் வியர்த்து வழுக்கும், அப்போது மட்டும் காட்டன் சாக்ஸ். கால்விரலால் அழுத்தும் பிரேக் இந்த பெடலில் உண்டு, ஆனால் எனக்கு அதிகம் பயன்படவில்லை. பைப்பர் ஜே-3 கப்பில் பிரேக் குதிகாலில் இருக்கும், அந்த அமைப்பு என்னுடையதில் இல்லை.

இரண்டாவது கோடையில் மூக்கு தானாக ஆட ஆரம்பித்தது. பெடலின் உள்ளே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர், அதாவது உரசி நகர்ந்து பெடலின் இடத்தைச் சொல்லும் மின்பாகம். தேய்மானமும் தூசியும் சேர்ந்தால் ரீடிங் குதிக்கும். விற்ற கம்பெனி, வாரன்ட்டி முடிந்துவிட்டது என்று ஒரே வரியில் கையைக் கழுவிக்கொண்டது. திறந்து கான்டாக்ட் கிளீனர் அடித்து, பெடலை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நன்றாக ஓட்டியதும் அடங்கியது. சில மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பணிவிடை தேவைப்படுகிறது. கையில் காசு இருந்தால் ஹால் சென்சார் வைத்ததையே வாங்குங்கள். அதில் காந்தம்தான் வேலை செய்கிறது, உரசித் தேய ஒன்றும் இல்லை.

செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால், விற்பவரிடம் விண்டோஸின் கேம் கன்ட்ரோலர் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, பெடலை மெதுவாக, ரொம்ப மெதுவாக ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ளிப் பாருங்கள். கோடு நடுவில் ஓரிடத்தில் துள்ளினாலும் விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள்.