தண்டனை விழுந்த பிறகு: அப்பீலா, ரிவிஷனா?

மேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் மதுரை மாவட்ட நீதிமன்ற வாசலில் தீர்ப்பு நகலை என்னிடம் நீட்டினார். மஞ்சப்பைக்குள் நாலாக மடித்து வைத்திருந்ததில் மடிப்பு விழுந்த வரியே தேய்ந்து போயிருந்தது. மகனுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ரெண்டு வருஷம்.

"அதே அய்யாகிட்ட கால்ல விழுந்து கேட்டா கொறைச்சுக் குடுக்க மாட்டாங்களா தம்பி?"

முடியாது. கையெழுத்தான தீர்ப்பில் எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறெதையும் அந்த நீதிமன்றமே தொட முடியாது. மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்: அப்பீல் (மேல்முறையீடு), இல்லையென்றால் ரிவிஷன் (சீராய்வு). "அப்பீல் நாள் முடியப் போகுது, ரிவிஷனுக்கு 90 நாள் இருக்கு, மெதுவாப் போடலாம்" என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

இரண்டும் ஒன்றல்ல. அப்பீல் என்பது உரிமை. சாட்சி சொன்னதை முதலிலிருந்து அலசலாம். குற்றமே செய்யவில்லை என்றும் வாதாடலாம், தண்டனை அதிகம் என்றும் கேட்கலாம். மாஜிஸ்திரேட் தீர்ப்பென்றால் அதற்கு மேலுள்ள செஷன்ஸ் நீதிமன்றத்தில் 30 நாளுக்குள் போட வேண்டும். செஷன்ஸ் தீர்ப்பென்றால் ஒத்தக்கடைப் பக்கம் உயர் நீதிமன்றக் கிளையில் 60 நாள்; தூக்குத் தண்டனைக்கு மட்டும் 30. நகல் வாங்க ஆன நாளைக் கழித்துக்கொள்ளலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை வாங்கியவர்கூட, தண்டனையின் அளவையும் அது சட்டப்படி செல்லுமா என்பதையும் மட்டும் எதிர்த்து வரலாம்.

அப்பீல் போட்டால் தண்டனை கூடிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் நிறைய. மதுரைக் கிளையிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2025-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: தண்டனை பெற்றவர் போட்ட அப்பீலில், நீதிமன்றம் தானாக ரிவிஷன் அதிகாரத்தைக் கையிலெடுத்துத் தண்டனையைக் கூட்டக் கூடாது. அரசுத் தரப்பு தனியாக அப்பீல் போட்டால் அது வேறு கதை.

ரிவிஷன் உரிமையல்ல, மேல் நீதிமன்றத்தின் விருப்புரிமை. கீழே சட்டப்படி நடந்ததா, முறையாக நடந்ததா என்று பார்ப்பார்கள். சாட்சியத்தை மறுபடி எடைபோடுவது அபூர்வம். அதைவிட முக்கியம், அப்பீலுக்கு வழியிருந்தும் போடாதவரின் ரிவிஷனை ஏற்க மாட்டார்கள். செஷன்ஸில் அப்பீல் தோற்ற பிறகும், அப்பீலே இல்லாத 100 ரூபாய் அபராதம் போன்ற சின்ன வழக்குகளிலும்தான் ரிவிஷனுக்கு வேலை. நாள் தாண்டிவிட்டால் தாமதத்தை மன்னிக்கும் மனுவோடு அப்பீலே போடுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அப்பீல் பிரிவு 415, ரிவிஷன் பிரிவு 438. பழைய சட்டத்தில் 374, 397. எண்தான் மாறியது.

சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி வழியாகவே அப்பீல் அனுப்பலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீலும் உண்டு, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.

அந்த அம்மா வந்தது 26-ஆம் நாள். மறுநாளே செஷன்ஸில் அப்பீல் போட்டோம், தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனுவையும் சேர்த்து.