68,000 ரூபாய்க்கு ஆழத்தைத் தப்பாகக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர்: பழையது வாங்குபவர்கள் தயவுசெய்து படியுங்கள்

பழைய டைவிங் சாமான்களைச் சரிபார்த்து, புதுப்பித்து விற்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஆன்லைன் கடையில் 68,000 ரூபாய் கொடுத்து, ஆழமான டைவுகளுக்கென்று இருக்கும் ஒரு டெக்னிக்கல் டைவ் கம்ப்யூட்டர் வாங்கினேன். கடலுக்கு அடியில் அது ஆழத்தைக் குறைத்துக் காட்டியது. மேலே வரும் வழியில் அணைந்தது. திரும்ப உயிர் வந்தபோது, அன்றைக்கு நான் தண்ணீரிலேயே இறங்காத மாதிரி எல்லாக் கணக்கையும் துடைத்திருந்தது. பணத்தைக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு கதை. புகார் போயிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் இதே போல ஒன்றை வாங்க இன்று இரவே பணம் அனுப்பத் தயாராக யாராவது இருப்பார்கள், அவர்களுக்காகத்தான் அவசரமாக எழுதுகிறேன். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

டைவிங் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். ஆழம் கூடக் கூட, சுவாசிக்கும் நைட்ரஜன் உடம்பில் கரைந்து சேர்கிறது. ஆழமான டைவுக்கு எடுத்துப் போகும் டிரைமிக்ஸ் என்ற ஹீலியம் கலந்த வாயு என்றால் ஹீலியமும் சேரும். மேலே வரும்போது அது மெதுவாக வெளியேற வேண்டும். அவசரப்பட்டால் மூட்டிலும் ரத்தத்திலும் தண்டுவடத்திலும் குமிழியாகிவிடும், நடக்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் நின்று நின்று வர வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் கையில் கட்டும் கம்ப்யூட்டரின் வேலை. பெரும்பாலான டெக்னிக்கல் கம்ப்யூட்டர்களில் இருப்பது சூரிச்சில் ஆல்பர்ட் பூல்மான் உருவாக்கிய கணக்கு. உடம்பை 16 திசுப் பிரிவுகளாக வைத்து, 5 நிமிடத்திலிருந்து 635 நிமிடம் வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு அரைக்காலம், அதாவது பாதி நிரம்ப ஆகும் நேரம், கொடுத்துப் போடுகிற கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் அந்தப் பெட்டிக்கு நம் உடம்பைப் பற்றி எதுவுமே தெரியாது. அழுத்தம், நேரம், சுவாசிப்பதாக நாம் சொல்லி வைத்த கேஸ் (வாயுக் கலவை), இந்த மூன்றுதான் அதற்குத் தெரியும். அழுத்த சென்சார் பொய் சொன்னால் 16 பிரிவும் சேர்ந்து பொய் சொல்லும்.

இந்த வருடம் மட்டக்களப்புக்கு அப்பால் கிடக்கும் ஹெர்மிஸுக்கு இறங்குவது என்று நானும் நண்பரும் முடிவு செய்திருந்தோம். விமானந்தாங்கியாகவே வடிவமைக்கப்பட்ட முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. ஏறக்குறைய 53 மீட்டர் ஆழம். கீழே டிரைமிக்ஸ், நின்று நின்று மேலே வரும்போது (இதைத்தான் டீகோ என்போம்) சுவாசிக்க இரண்டு டீகோ கேஸ் என்று திட்டம். என் பழைய கம்ப்யூட்டருக்கு டிரைமிக்ஸ் தெரியாது. புதியது வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டும். அப்படித்தான் அந்தக் கடைக்குப் போனேன்.

வீடியோ காலில் வந்தவர் விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. முதல் கேள்வியே "ஜி.எஃப். எவ்வளவு வச்சு டைவ் பண்றீங்க சார்?" என்பதுதான். கிரேடியன்ட் ஃபேக்டர் என்பது அந்தப் பூல்மான் கணக்கில் நாம் எவ்வளவு பத்திரமாக இருக்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளும் எல்லை. கீழ், மேல் என்று இரண்டு எண்கள், குறைத்தால் பத்திரம் கூடும். சொன்னேன். "ஹெர்மிஸுக்குன்னா மேல் நம்பரை இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க சார், அங்க நீரோட்டம் இருக்கும், ஸ்டாப்ல தொங்கும்போது களைச்சுப் போயிடுவீங்க" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. இந்த மனிதருக்குக் கடல் தெரியும், தெரிந்த ஒருவர் இன்னொரு டைவரை ஆபத்தில் தள்ள மாட்டார் என்று நினைத்தேன். டைவிங்கில் நாம் எல்லாருமே இப்படித்தான். பெயர் மட்டும் தெரிந்த ஆளோடு படகேறி, அவர் காட்டும் கை சைகையை நம்பித் தண்ணீரில் குதிக்கிறோம். அந்த நம்பிக்கையைத்தான் அவர் 68,000 ரூபாய்க்கு விற்றுக் காசாக்கினார்.

அப்புறம் கம்ப்யூட்டரைக் கேமரா முன்னால் காட்டினார். திரை பளிச்சென்று எரிந்தது. மெனு ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். 100 மீட்டர் அழுத்தத்தில் சோதித்ததாக ஒரு சான்றிதழின் படம் அனுப்பினார். லாக், அதாவது முந்தைய டைவ்களின் பதிவு, ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டேன். "பழைய ஓனரோட பிரைவசி சார், எல்லாத்துக்கும் அழிச்சுட்டுத்தான் கொடுப்போம்" என்றார். முழுப் பணமும் முன்னாலேயே அனுப்பினால்தான் பார்சல். 68,000 ரூபாயும் போனது. சாமான் சொன்ன தேதியில் வந்தது, அதில் குறையில்லை.

ஹெர்மிஸுக்கு முந்தின நாள் சோதனை டைவ். அதே 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாப் பக்கம் கிடக்கிறது, ஆழம் குறைவு, சாமான்களைப் பழக நல்ல இடம். ஒரு கையில் இது, மறு கையில் என் பழையது. கீழே போய்ப் பார்த்தால் பழையதில் 24 மீட்டர், இதில் 21. நண்பரின் கையைப் பிடித்துத் திருப்பினேன், 24. வழிகாட்டியாக வந்த அண்ணனின் கையில் 24. இறங்கும்போது 10 மீட்டரில் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். ஆழம் கூடக் கூட இடைவெளியும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. ஏறக்குறைய 12 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது.

இதோடு முடியவில்லை. மேலே வரும்போது 5 மீட்டரில் நின்றுகொண்டிருக்கையில் திரை கறுத்துப்போனது. கொஞ்ச நேரத்தில் தானாகவே எரிந்தது. திசுக் கணக்கு முழுவதும் பூஜ்யம். படகில் ஏறி பேட்டரி மூடியைத் திறந்தால் உள்ளே தொடர்பு முனை பச்சை பூத்திருக்கிறது. எப்போதோ தண்ணீர் உள்ளே போய், மேலோட்டமாகத் துடைத்து மூடியிருக்கிறார்கள். பேட்டரி போனாலும் திசுக் கணக்கை மறக்காத கம்ப்யூட்டர்கள் உண்டு. இது மறந்துவிட்டது. இதை நம்பி அன்றைக்கே இரண்டாவது டைவ் போயிருந்தால், ஏற்கெனவே உடம்பில் இருக்கும் நைட்ரஜன் இல்லாதது போலவே நேரம் கொடுத்திருக்கும்.

அந்த அண்ணன் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிழை காட்டுது தம்பி. இதோட ஹெர்மிஸுக்கு இறங்க ஏலாது."

ஏன் ஏலாது என்று கணக்காகச் சொல்கிறேன், அப்போதுதான் என் கோபம் புரியும். 50 சதவீத நைட்ராக்ஸுக்கு, அதாவது பாதி ஆக்ஸிஜன் உள்ள கலவைக்கு, 21 மீட்டரில் மாறுவோம், அங்கே ஆக்ஸிஜன் அழுத்தம் ஏறக்குறைய 1.55 பார். 1.6தான் உச்ச எல்லை. இந்தக் கம்ப்யூட்டர் 21 என்று காட்டும்போது நான் நிஜத்தில் 24 மீட்டரில் இருப்பேன். அழுத்தம் 1.7. அடுத்து 6 மீட்டரில் சுத்த ஆக்ஸிஜன். அது 6 என்று காட்டும் இடம் நிஜத்தில் 6.8, அங்கேயும் எல்லை தாண்டிவிடும். ஆக்ஸிஜன் நச்சில் வலிப்பு வந்தால் முன்னறிவிப்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. தண்ணீருக்குள் வலிப்பு வந்தால் வாயிலிருந்து ரெகுலேட்டர் (சுவாசிக்கும் கருவி) விழும், ஆள் மூழ்குவார். அதோடு 53 மீட்டரை 47 என்று நினைத்துக்கொண்டு டீகோ நேரத்தையும் குறைத்துக் கொடுத்திருக்கும்.

இன்னொன்றும் கண்டேன். லாக்கைக் கவனமாக அழித்தவர்கள் கேஸ் பட்டியலைத் தொடவே இல்லை. முந்தைய ஆள் வைத்திருந்த கேஸ்கள் எல்லாம் 'ஆன்' நிலையில். நம்மிடம் இல்லாத ஆக்ஸிஜன் பட்டியலில் ஆனில் இருந்தால், அதற்கு மாறிவிடுவோம் என்று நம்பி மேலே வர ஆகும் நேரத்தைக் குறைத்துக் காட்டும். நான் பார்த்து எடுத்துவிட்டேன். எடுப்பதற்குள் வலது பட்டனோடு ஒரு போராட்டம், ஒரு அழுத்துக்கு அசையாது, இரண்டாவது அழுத்துக்கு இரண்டு வரி தாண்டும். வீட்டில் வெறும் விரலுக்கே இப்படி என்றால், கையுறையோடு, நீரோட்டத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேஸ் மாற்றுவது எப்படி? சோதித்தோம் என்று சொன்னவர்கள் எதைத்தான் சோதித்தார்கள்?

ஹெர்மிஸ் ரத்து. படகுக்காரர் பாதிப் பணம் திருப்பிக் கொடுத்தார், கேட்காமலே. கடைக்காரரிடம் கேட்டுக் கேட்டு நிற்கிறேன்.

முதல் பதில்: "டிஸ்பிளே வருதுல்ல சார்? அப்ப வேலை செய்யுதுன்னுதான் அர்த்தம்." இரண்டாவது: உப்புநீர், நன்னீர் செட்டிங் மாறியிருக்கும். இதைச் சொன்னவர் என்னிடம் ஜி.எஃப். பற்றிப் பேசிய அதே ஆள். அந்த செட்டிங்கில் வரும் வித்தியாசம் 3 சதவீதத்துக்குள்தான். கடலில் நன்னீர் என்று வைத்தால் ஆழம் கூடுதலாகக் காட்டுமே தவிர குறையாது. அவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. மூன்றாவது: மென்பொருளைப் புதுப்பியுங்கள். நான்காவது: கூரியரில் அடிபட்டிருக்கும். ஐந்தாவதுதான் கொடுமை. பேட்டரி மூடியை நான் திறந்ததால் உத்தரவாதம் செல்லாதாம். பேட்டரியை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் விளம்பரத்திலேயே இருக்கிறது! அதன் பிறகு போன் எடுப்பது வேறொருவர். "அவர் லீவ்ல இருக்கார், வந்ததும் பேசச் சொல்றேன்." பேசவில்லை. 68,000 ரூபாய் என்று நான் சொன்னாலே இணைப்பு துண்டிக்கப்படுகிறது.

தயாரித்த கம்பெனியின் சர்வீஸ் மையத்துக்கு சீரியல் எண்ணை அனுப்பினேன். இந்த எண் ஏற்கெனவே சர்வீஸுக்கு வந்திருக்கிறது, சென்சார் பழுது, சரிசெய்ய இயலாது என்று அப்போதே திருப்பி அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அப்படியென்றால் கழித்துப்போட்ட சாமான் இது. அதைத் துடைத்து, லாக்கை அழித்து, 68,000 ரூபாய் விலை போட்டிருக்கிறார்கள்.

திரை எரிகிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. 1990களின் நடுவில் வந்த ஒரு நைட்ராக்ஸ் கம்ப்யூட்டர், டைவர் படகில் உட்கார்ந்து வெறும் காற்றைச் சுவாசிக்கும்போதும் நைட்ராக்ஸ் சுவாசிப்பதாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது. உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜனைக் குறைத்துக் காட்டியது. அமெரிக்காவில் 2003இல்தான் அதைத் திரும்பப் பெற்றார்கள். அத்தனை வருடமும் அதன் திரை ஒழுங்காகத்தான் எரிந்துகொண்டிருந்தது. செத்துப்போகும் கம்ப்யூட்டரைவிட, தெளிவாகத் தப்பு எண் காட்டும் கம்ப்யூட்டர் பத்து மடங்கு மோசம்.

விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இதற்கு மேல் கை ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு. லாக் அழித்த கம்ப்யூட்டரை வாங்காதீர்கள். சீரியல் எண்ணை முதலில் வாங்கி, தயாரித்த கம்பெனியிடம் கேட்டுவிட்டு அப்புறம் பணம் பேசுங்கள். அழுத்தச் சோதனை செய்தோம் என்றால், இன்னொரு கம்ப்யூட்டரையும் பக்கத்தில் வைத்து, இரண்டு எண்ணும் தெரிகிற மாதிரி வீடியோ கேளுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். எதை வாங்கினாலும் இரண்டாவது கம்ப்யூட்டரும் ஸ்லேட்டில் எழுதிய நேரத் திட்டமும் இல்லாமல் டீகோ டைவுக்கு இறங்காதீர்கள்.

ஏமாந்தவர்கள் 1915க்கு அழையுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. நான் புகார் கொடுத்துவிட்டேன்.

இன்று காலை அந்தக் கடையின் பக்கத்தைப் பார்த்தேன். அதே மாடல் இன்னொன்று விற்பனைக்குப் போட்டிருக்கிறார்கள். கூடவே '100 மீட்டர் சோதனைச் சான்றிதழ்' படம். எனக்கு அனுப்பிய அதே படம், அதே தேதி, சீரியல் எண் இருக்கும் இடத்தில் மட்டும் விரலை வைத்து மறைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பணம் கட்டியவர் யாராவது இதைப் படித்தால் உடனே எனக்குச் செய்தி அனுப்புங்கள், சர்வீஸ் மையத்தின் பதிலை அப்படியே அனுப்பி வைக்கிறேன்.