முழுப் பல்செட்டுக்கு ஐந்து நடை: உச்சிப்புளிப் பக்கம் ஒரு பல் மருத்துவமனை

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில், ராமேஸ்வரம் சாலையை ஒட்டியிருக்கும் ஒரு பல் மருத்துவமனையின் முழுப் பல்செட் சேவையைப் பற்றிய மதிப்பீடு இது. குறைகளும் சொல்லியிருப்பதால் பெயர் போடவில்லை. மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம்: கடி எடுக்கும் வேலைக்கு (மேல் செட்டும் கீழ் செட்டும் சேரும் நிலையைக் குறிப்பது) ஐந்துக்கு ஐந்து, லேப் வேலைக்கு நாலு, பல்செட்டைக் கையில் கொடுத்த பிறகு கவனிப்பதற்கு மூன்று. ‘ஒரே நாளில் பல்செட்’ என்று இவர்கள் பலகை வைக்கவில்லை. ஐந்து தடவை வரச் சொல்கிறார்கள். தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் ஆத்தாவையோ உம்மாவையோ பஸ் ஏற்றிக் கூட்டி வருகிறவர்களுக்கு ஐந்து நடை என்பது பாரம்தான். அதில் எது கட்டாயம், எதைக் குறைக்கலாம் என்று தெரிந்துகொண்டு போனால் பேசி வாங்க வசதி.

முதல் நடையில் ஆல்ஜினேட் என்ற இளகிய பசையில் வாயின் அச்சை எடுக்கிறார்கள், அதுதான் அளவு. இரண்டாவதில் அந்த அச்சை வைத்து அவரவர் வாய்க்கென்று செய்த தனி ட்ரே (அளவுப் பசையைத் தாங்கும் தட்டு). அதன் ஓரத்தில் சூட்டில் இளகும் பச்சைக் குச்சி காம்பவுண்டை உருக்கி ஒட்டி, கன்னத்தையும் நாக்கையும் அசைக்கச் சொல்லி ஓரத்தைப் படிய வைத்து, பிறகு துத்தநாக ஆக்சைடு பசையில் இறுதி அளவு எடுக்கிறார்கள். மூன்றாவது நடை மெழுகில் கடி. நான்காவதில் மெழுகில் அடுக்கிய பற்களை வாயில் வைத்துப் பார்க்கிறார்கள். ஐந்தாவதில் முடிந்த பல்செட்.

இதில் குறைக்கக்கூடியது இரண்டாவது நடை. 2005-ல் வெளியான மான்ட்ரியால் ஆய்வு ஒன்றில், மரபான முழு முறையில் செய்த பல்செட்டையும் எளிய முறையில் செய்த பல்செட்டையும் ஒப்பிட்டார்கள். எளிய முறையில் ஆல்ஜினேட் அளவு ஒன்று மட்டும், மேல்தாடை இருக்கும் நிலையை அளக்கும் ஃபேஸ்போ கருவியும் கிடையாது. ஆறு மாதம் கழித்தும் போட்டிருந்தவர்களின் திருப்தியில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பிரேசிலில் பின்னால் நடந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் சாய்ந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எளிய முறையிலும் கடி எடுக்கும் கட்டத்தை யாரும் விடவில்லை. ஆகவே ஈறு மேடு நன்றாக உயர்ந்து இருப்பவர்களுக்கு நாலு நடையில் முடித்துத் தரலாம். தேய்ந்து தட்டையானவர்களுக்கு இரண்டாவது நடை வேண்டும். இந்த இடத்தில் ஆளைப் பார்த்துப் பிரிப்பதில்லை, எல்லோருக்கும் ஐந்துதான். தூரத்திலிருந்து வருகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது நடைக்குத்தான் இந்த இடத்தைத் தேடிப் போகலாம். முக்கால் மணி நேரம் ஒதுக்குகிறார்கள், அவசரப்படுவதில்லை. கடி என்பதில் இரண்டு கேள்விகள்: எவ்வளவு உயரத்தில் வாய் மூட வேண்டும், கீழ்த்தாடை எந்த இடத்தில் நிற்க வேண்டும்.

உயரத்துக்கு மூக்கு நுனியில் ஒரு புள்ளி, தாடையில் ஒரு புள்ளி. உதடு சும்மா ஒட்டியிருக்க, ஆள் தளர்வாக உட்கார்ந்திருக்கும்போது இரண்டுக்கும் உள்ள தூரத்தை அளப்பார்கள். கடித்த நிலையில் அந்தத் தூரம் 2 முதல் 4 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். இந்த இடைவெளியை விழுங்கிவிட்ட பல்செட்டை உடனே கண்டுபிடிக்கலாம்: பேசும்போது பல் தட்டும், சாயங்காலம் தாடை வலிக்கும், ஈறு ஓரிடத்தில் என்றில்லாமல் முழுக்க எரியும். புண் எங்கே என்று கேட்டால் காட்டத் தெரியாது. இடைவெளி அதிகமாகிவிட்டால் மூக்கும் தாடையும் நெருங்கி வாயோரம் வெடிக்கும், மெல்லவும் பலம் இருக்காது. சரிபார்க்க இங்கே ‘ச’ வரும் ஊர்ப் பெயர்களைச் சொல்லச் சொல்கிறார்கள்: சேதுக்கரை, சாயல்குடி, சிக்கல். அந்த ஒலி வரும்போது மேல் மெழுகும் கீழ் மெழுகும் கிட்டத்தில் வர வேண்டும், முட்டக்கூடாது. செலவில்லாத சோதனை, மெழுகு கட்டத்திலேயே செய்துவிட்டால் பின்னால் பல்லை அராவ வேண்டிய தொல்லை பாதி குறையும்.

தாடையின் இடம் இதைவிடக் கஷ்டம். பல் போய் வருஷக்கணக்கில் ஆனவர்கள் முன் ஈறால் மெல்லப் பழகிக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். ‘கடிங்க’ என்றதும் அங்கேதான் கடிப்பார்கள். அந்த இடத்திலேயே மெழுகை ஒட்டிவிட்டால் மெழுகில் எல்லாம் அழகாகப் பொருந்தும். பல்செட் முடிந்து வந்து, தசை தளர்ந்து தாடை பின்னால் போகும் அன்றைக்குத்தான் கோளாறு தெரியும். மேடும் பள்ளமும் பொருந்த வேண்டிய பற்கள் மேடோடு மேடு முட்டும், ஒவ்வொரு கடியிலும் கீழ் செட் வழுக்கும். இதைத் தவிர்க்க மேல் தட்டின் பின்பக்கம், அண்ணத்தில் ஒரு சின்ன மெழுகு உருண்டை ஒட்டி, நாக்கு நுனியால் அதைத் தொட்டபடி மூடச் சொல்கிறார்கள். நாக்கு பின்னால் போனால் தாடையும் பின்னால் வரும். ஒரே தடவையில் நம்பிவிடாமல் திரும்பத் திரும்ப மூடவைத்து, மெழுகில் போட்ட கோடுகள் அதே இடத்தில் சேர்கின்றனவா என்று பார்க்கிறார்கள். கடைசியாக, மெழுகுக் கட்டைகளின் பின்முனைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றனவா என்று வாய்க் கண்ணாடி வைத்துத் தேடுகிறார்கள். அங்கே முட்டினால் தட்டு தூக்கும், எடுத்த கடி பொய். பல இடங்களில் இதை யாரும் பார்ப்பதில்லை.

பல் அடுக்கும் முறையிலும் தெளிவு இருக்கிறது. மேல் பின்பற்களின் உள்பக்க முனை மட்டும் கீழ்ப்பல்லின் நடுப்பள்ளத்தில் இறங்கும்படி வைக்கச் சொல்லி லேபுக்கு எழுதுகிறார்கள். 2007-ல் வெளியான இங்கிலாந்து ஆய்வொன்றில் மூன்று வகைப் பற்களை ஒப்பிட்டபோது, முனையே இல்லாத தட்டைப் பல்லைவிட இந்த அடுக்கு முறையும் இயற்கை வடிவப் பல்லும் மெல்லுவதில் மேலாக இருந்தன. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தொட வேண்டும் என்ற பழைய சமச்சீர் விதி எல்லோருக்கும் கட்டாயம் என்பதை மருத்துவ ஆய்வுகள் உறுதியாகத் தாங்கவில்லை. ‘வெளிநாட்டுப் பல்’ என்று கூடுதல் காசு கேட்கும் பட்டியல் இங்கேயும் மேஜையில் இருக்கிறது. கடி சரியாக இருந்தால் நடுத்தர விலை அக்ரிலிக் பல் போதும். கடி தப்பினால் எந்த நாட்டுப் பல்லும் உதவாது.

லேப் மதுரையில். இதில் இரண்டு அபாயங்கள். ஆல்ஜினேட் அச்சு நீர் விட்டுச் சுருங்கும், ஆகவே எடுத்த சில நிமிடங்களில் அதில் கல் (ஜிப்சம் மாவுக் கரைசல்) ஊற்றிவிட வேண்டும். இங்கே அதை உள்ளேயே ஊற்றுகிறார்கள், நல்லது. இரண்டாவது மெழுகு. சித்திரை வெயிலில் மெழுகில் அடுக்கிய பல் பார்சலாக மதுரையிலிருந்து பஸ்ஸில் வரும்போது பெட்டிக்குள் மெழுகு இளகிப் பல் நகரும். ஐஸ் பை வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அது எல்லா நேரமும் நடப்பதில்லை. ஒரு மதிப்பெண் அங்கேதான் போனது. நான்காவது நடையில் கடியைத் திரும்பச் சரிபார்ப்பதால் நகர்ந்திருந்தால் பிடிபடும்; கோடையில் அந்த நடையை மட்டும் தவிர்க்காதீர்கள்.

செட்டின் அக்ரிலிக்கை (பொடியும் திரவமும் கலந்த பிளாஸ்டிக்) வேக வைத்து இறுக்குவது நிதானமான முறை: 74 டிகிரி வெந்நீரில் 9 மணி நேரம். ஒரே நாளில் முடிக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள். பொடியோடு கலக்கும் திரவம் 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் கொதிக்கும். அவசரமாகச் சூடேற்றினால் தடித்த பகுதிகளில் குமிழி விழும், கீழ் செட்டின் பின்பக்கம் குறிப்பாக. குமிழிக்குள் அழுக்கும் பூஞ்சையும் தங்கும், பிறகு நாற்றம் போகாது. நிதானமாகவே வேக வைத்தாலும் அக்ரிலிக் சுருங்கும், பல் ஒரு நூலளவு நகர்ந்து கடி உயரும். அதைத் திருத்தும் வழி ரீமவுண்ட்: முடிந்த செட்டை மறுபடி ஆர்ட்டிகுலேட்டரில் (தாடை அசைவைப் போலச் செய்யும் கருவி) ஏற்றி, நிறத் தாள் வைத்து, முட்டும் புள்ளிகளை அராவுவது. வாய்க்குள்ளேயே தாள் வைத்துத் திருத்தினால் போதாதா என்றால், போதாது. ஈறு மெத்தென்று இருப்பதால் செட் சாய்ந்து, முட்டாத இடத்தையும் முட்டுவதாகக் காட்டும். 2008-ல் வெளியான இந்திய ஆய்வொன்றும் ரீமவுண்ட் செய்தவர்களுக்குப் பின்னாள் திருத்தங்கள் குறைந்ததாகச் சொன்னது. இந்த மருத்துவமனை ரீமவுண்ட் செய்கிறது, கேட்காமலே.

இனி குறை. செட்டை மாட்டி அனுப்பிய மறுநாள் பார்க்க வேண்டும், பிறகு ஒரு வாரத்தில். இங்கே ‘வலிச்சா வாங்க’ என்கிறார்கள். நம் ஊர் வயசாளிகள் வலிச்சாலும் வரமாட்டார்கள். செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, மகன் காசு போட்ட பொருளாச்சே என்று சும்மா இருப்பார்கள். தேதி போட்டு அனுப்புவதுதான் சரி. ஓரத்தில் கீறிய புண் என்றால் ஓரத்தைக் குறைத்தால் போதும். மேட்டின் முகட்டில் வந்த புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் கடிதான். உள்பக்கத்தைச் சுரண்டினால் செட் தளரும், புண் வேறிடம் போகும். வீட்டில் அரத்தாளால் தேய்க்கவே கூடாது. புண்ணைக் காட்டப் போகும்போது சில மணி நேரம் செட்டை மாட்டியபடியே போங்கள், அப்போதுதான் சிவந்த தடம் தெரியும்.

கொடுக்கும் நாளிலேயே ஒட்டும் பசையையும் சேர்த்து எழுதித் தருவது இன்னொரு குறை. நன்றாகச் செய்த மேல் செட்டுக்கு அது வேண்டியதில்லை. இருமினால், கொட்டாவி விட்டால் மேல் செட் விழுந்தால், அண்ணத்தின் பின் ஓரத்தில் அடைப்பு சரியில்லை என்று அர்த்தம். அதைச் செய்து தரச் சொல்லுங்கள். பசை வாங்கத்தான் வேண்டுமென்றால் துத்தநாகம் இல்லாததாகப் பாருங்கள். துத்தநாகம் உள்ள பசையை அளவுக்கு மீறி நெடுநாள் போட்டவர்களுக்கு உடம்பில் தாமிரம் குறைந்து நரம்பு பாதித்ததாகப் பதிவுகள் வந்த பிறகு, 2010-ல் ஒரு பெரிய நிறுவனமே தன் பசையிலிருந்து அதை எடுத்தது.

இரவில் கழற்றச் சொல்லவும் மறந்துவிடுகிறார்கள். ஜப்பானில் 85 வயதைத் தாண்டிய 524 பேரைத் தொடர்ந்து பார்த்து 2015-ல் வெளியிட்ட ஆய்வில், பல்செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கழற்றியதை நல்ல தண்ணீரில் போட்டு வையுங்கள். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் ஊர்களில் அதே தண்ணீரில் ஊற வைத்தால் வெள்ளையாகப் படிவு கட்டும். நீர் கலந்த வினிகரில் அவ்வப்போது ஊறவைத்துத் தேய்த்தால் இளகும். பற்பசை கீறும், சோப்பு போதும். வெந்நீர் ஊற்றினால் வளையும்.

சாப்பாட்டைப் பற்றி இவர்கள் தருவது ‘மெதுவான உணவு’ என்ற ஒரே வரி. கடற்கரை ஆட்களுக்கு இன்னும் சொல்ல வேண்டும். மேல் செட் அண்ணத்தை மூடிவிடுவதால் மீன் முள் உறுத்துவது தெரியாது, நேரே தொண்டைக்குப் போகும். முதல் மாதம் சாளை வேண்டாம். சீலா, பாறை மாதிரி முள்ளைப் பிரித்து எடுக்கக்கூடிய மீன், அதுவும் வேறொருவர் முள் பார்த்துக் கொடுத்தால் நல்லது. கவளத்தை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் வைத்து மெல்ல வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் தூக்கும். முன்பல்லால் கடித்து இழுக்காமல் கையால் பிய்த்துப் போடுங்கள். பனங்கிழங்கு நார் செட்டுக்கு அடியில் போய் அறுக்கும். கீழக்கரைத் தொதல் என்ற ஒட்டும் இனிப்பு கீழ் செட்டைக் கையோடு தூக்கிவிடும், எவ்வளவு நல்ல செட்டாக இருந்தாலும். கடலுக்குப் போகிறவர்களுக்கு வாந்தி வரும்போல இருந்தால் முதலில் செட்டைக் கழற்றிப் பைக்குள் போடச் சொல்லுங்கள்.

கீழ் செட் எப்போதும் மேல் செட் அளவுக்கு உறுதியாக நிற்காது என்பதை முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள், அது நேர்மை. மேல் செட் உட்கார ஏறக்குறைய 24 சதுர செ.மீ. இடம் உண்டு, கீழே சுமார் 14 தான், அதையும் நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். 25 வருஷம் தொடர்ந்து பார்த்து 1972-ல் வெளியான ஆய்வின்படி கீழ் ஈறு எலும்பு மேலைவிட நாலு மடங்கு தேய்கிறது. அதனால்தான் 2002-ல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்கு இரண்டு இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் திருகு) வைத்து அதன்மேல் மாட்டும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்றார்கள். அந்த வேலை இங்கே இல்லை. கீழ் மேடு கத்தி முனைபோல் ஆனவர்கள், தளர்ந்த ஈறு செட்டுக்கு அடியில் ஆடிக்கொண்டே இருப்பவர்கள் இங்கே ஐந்து நடை நடப்பதைவிட மதுரைக்கே போகலாம். காசு முட்டுப்பாடு என்றால் அங்குள்ள பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் செய்ய, பேராசிரியர் சரிபார்ப்பார்; செலவு குறையும், நடை கூடும்.

பல் பிடுங்கியவர்கள் குறைந்தது ஆறு வாரமாவது ஆறவிட்டுப் போங்கள். பழைய செட் வைத்திருப்பவர்கள் அளவு எடுப்பதற்கு முந்தின நாளே கழற்றிவிட வேண்டும், அழுந்திய ஈறு பழைய நிலைக்கு வந்தால்தான் அளவு உண்மையாக இருக்கும். அந்தப் பழைய செட் உடைந்திருந்தாலும் கையில் கொண்டு போங்கள். உயரத்தை ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. பல் இருந்த காலத்துப் போட்டோ ஒன்று, கல்யாணப் படமானாலும் சரி. ஓராண்டுக்குள் ஈறு சுருங்கி உள்பக்கம் மறுபடி நிரப்ப வேண்டி வரலாம். அதற்கான காசு சொன்ன விலைக்குள் அடங்குமா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள்.