"ரிப்போர்ட்டர்கள் நம்ம கையில்" என்று ஒருவர் வருவார், கவனம்

காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலை, ஊத்துக்குளி பக்கம் சிறுதொழில் செய்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "பேப்பர்ல போடறோம், டிவில வர வைக்கறோம், ரிப்போர்ட்டர்கள் எல்லாம் நம்ம கையில்" என்று சொல்லிக்கொண்டு ஒருவர் கடை கடையாக வருகிறார். எங்களிடம் 45,000 ரூபாய் வாங்கினார். பணம் போனது ஒரு பக்கம். எங்கள் பெயரை வைத்து அவர் செய்துவிட்டுப் போன வேலைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

நாங்கள் காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறோம். தேங்காய், கடலை, எள் மூன்றும் உண்டு. வந்தவர் நன்றாக உடுத்தி, நன்றாகப் பேசினார். அமைச்சர்களோடு நிற்கும் படங்கள், செய்தியாளர்களோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடல்கள் என்று ஃபோனில் வரிசையாகக் காட்டினார். "அக்கா, உங்க எண்ணெய்க்கு இருக்கற தரத்துக்கு நீங்க இந்நேரம் ஸ்டேட் லெவல்ல தெரிஞ்சிருக்கணும்" என்றார். நாளிதழில் ஒரு கட்டுரை, தொலைக்காட்சியில் ஒரு பேட்டி, மாவட்டச் செய்தியாளர்களோடு நிரந்தரத் தொடர்பு. இதுதான் அவர் விற்ற பேக்கேஜ்.

வந்தது என்ன? ஒரு செய்தித் தளத்தின் இணைப்பு ஒன்று. பக்கத்தின் அடியில், இது நிறுவனம் தந்த தகவல், ஆசிரியர் குழுவுக்கு இதில் பங்கில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதாவது காசு கட்டினால் யாருடையதையும் ஏற்றும் பக்கம். அப்புறம் ஒரு வார இதழில் முழுப்பக்கம். அந்த இதழைத் திருப்பூரில் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. பத்திரிகைப் பதிவாளர் தளத்தில் தேடினால் அந்தப் பெயரே இல்லை. தொலைக்காட்சிப் பேட்டி வரவே இல்லை. அதற்குப் பதிலாக, கோவையில் ஒரு ஹோட்டலில் 'சிறந்த தொழில்முனைவோர்' விருது தருகிறார்கள், மேடைச் செலவுக்கு 15,000 கட்டுங்கள் என்றார். கட்டவில்லை.

இதோடு நின்றிருந்தால் ஏமாந்த கணக்கில் எழுதிவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். அந்த முழுப்பக்கத்தில் அவர் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் வயிறு கலங்கியது. எங்கள் நல்லெண்ணெய் சர்க்கரை நோயை முற்றிலும் குணப்படுத்துமாம். நாங்கள் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அச்சுக்குப் போகும் முன் எங்களிடம் காட்டவும் இல்லை. கீழே எங்கள் கடைப் பெயர், எங்கள் உணவு உரிம எண். உணவுப் பொருளைப் பற்றிப் பொய்யான விளம்பரம் செய்தால் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதிகாரி நோட்டீஸ் அனுப்பினால் அது அந்த மனிதருக்கு வராது, எங்களுக்குத்தான் வரும். அதைவிட, யாராவது ஒரு சர்க்கரை நோயாளி அதை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால்? அந்த நினைப்பு இன்னும் போகவில்லை.

அடுத்தது இன்னும் மோசம். எங்கள் பகுதியில் பல வருடமாகச் செய்தி எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கொப்பரை ஏலம், தென்னை நோய், தண்ணீர்ப் பிரச்சினை எல்லாம் அவர்தான் எழுதுவார். ஒரு நாள் அவரே கூப்பிட்டார். "ஏம்மா, உங்க ஆளுன்னு ஒருத்தர் வந்து கவரைக் கொடுத்துட்டுப் போறாருங்க. என்னைப் பத்தி என்னன்னு நினைச்சீங்க?" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. எங்கள் பெயரைச் சொல்லி, எங்கள் பணத்தில் இருந்தே, அவருக்கும் இன்னும் சிலருக்கும் அந்த ஆள் கவர் நீட்டியிருக்கிறார். அவர் வாங்கவில்லை. வாங்காத மனிதரைத்தான் அது அதிகமாகக் காயப்படுத்தியது. நேரில் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன், ரசீதையும் காட்டினேன். நம்பினார். ஆனால் மற்றவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிய வழியில்லை.

காசுக்குச் செய்தி என்பது இந்த நாட்டில் புதிதல்ல என்பது எனக்கும் தெரியும். இந்தியப் பத்திரிகை மன்றமே 2010-இல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆனால் எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லித்தான் இந்த மாதிரி ஆட்கள் பிழைக்கிறார்கள். வெயிலில் பைக்கில் அலைந்து, சொற்பச் சம்பளத்துக்கு நேர்மையாக எழுதுபவர்களை நான் பார்க்கிறேன். அவர்களை இன்னொருவர் 'பேக்கேஜ்' போட்டு விற்பதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தப் பெரியவர் அன்று சொன்னதை இங்கே எழுதுவது பலருக்கு உதவும். உங்கள் கடை திறந்து எத்தனை வருடம் ஆனது என்பது அவருக்குச் செய்தி இல்லை. 2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில், சூரியகாந்தி, சோயா எண்ணெய்களுக்கு 20 சதவீத அடிப்படை இறக்குமதி வரி போட்டதே, அது 2025 மே இறுதியில் 10 ஆகக் குறைந்ததே, அதனால் செக்கு எண்ணெய் வாங்குபவர்கள் கூடினார்களா குறைந்தார்களா? அது செய்தி. 2025-இல் எண்ணெய் ஆட்டும் அரைவைக் கொப்பரைக்கு அரசின் ஆதரவு விலை குவிண்டால் 11,582 ரூபாய். வெளிச்சந்தையில் அதைவிட எங்கோ மேலே போனது. அப்போது கொப்பரை வாங்கி ஆட்டுபவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அதைச் சொல்ல ஆள் கிடைக்காமல் அவர் அலைந்திருக்கிறார். "கேட்டா உடனே ஃபோனை எடுக்கணும், தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லணும், போட்டாலும் போடாட்டியும் சண்டைக்கு வரக்கூடாது. இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாங்க" என்றார். இதற்கு நடுவில் ஏஜென்டுக்கு என்ன வேலை?

விளம்பரம் வேண்டுமென்றால் நேராக விளம்பரமே கொடுங்கள், அதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. சில நாளிதழ்களில் பகுதிநேரச் செய்தியாளர்களே தீபாவளிக்கும் ஆண்டு மலருக்கும் விளம்பரம் கேட்பார்கள். அது ஒளிவு மறைவில்லாத விஷயம். பில் நாளிதழ் பெயரிலோ, அதன் அங்கீகாரம் பெற்ற ஏஜென்சி பெயரிலோ, ஜிஎஸ்டி எண்ணோடு வரும். அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்குக் கமிஷனை நாளிதழே கொடுத்துவிடும். எங்களுக்கு வந்ததோ 'சேவைக் கட்டணம்' என்று ஒரே வரி எழுதிய தாள். எந்த இதழ், எந்தத் தேதி, எத்தனை சென்டிமீட்டர் என்று எதுவும் இல்லை. ஒருவர் "செய்தியாகவே வரும், விளம்பரம்னு போட மாட்டாங்க" என்று உறுதி சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடுங்கள். உங்கள் பெயரில் போகும் எந்தக் குறிப்பையும், கையெழுத்துப் போட்டு நீங்கள் ஒப்புக்கொண்ட பிறகே அனுப்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். உணவுப் பொருள் செய்பவர்களுக்கு இது மிக முக்கியம்.

அந்த இணையப் பக்கத்தை எடுக்கச் சொல்லி எழுதினோம், எடுத்துவிட்டார்கள். சர்க்கரை நோய் பற்றிய அந்த வரி எங்களுடையது இல்லை என்று உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்திருக்கிறோம். பணத்துக்கு முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தோம். இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். தொழிலுக்காக வாங்கிய சேவை நுகர்வோர் வழக்கில் வராது என்று சிலர் சொல்லிவிட்டார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களுக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று எங்கள் வக்கீல் சொல்கிறார், அந்த அடிப்படையில்தான் மனு தயாராகிறது. ஒரே மாதிரி பாதிக்கப்பட்ட பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கவும் அதில் வழி உண்டு.

'சேவைக் கட்டணம்' என்று எழுதிய அதே மாதிரித் தாள் உங்களிடமும் இருந்தால் கிழித்துப் போடாதீர்கள். ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். போன வாரம் அந்த ஆளைச் சென்னிமலையில் பெட்ஷீட் கடைகள் பக்கம் பார்த்ததாகத் தெரிந்தவர் சொன்னார். அங்கே உங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாராவது கடை வைத்திருந்தால் இன்றே ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.